மரம் சரியாக இருந்தும் தேதி தவறலாம்: காலக்கணிப்பில் பதிலீட்டு மாடல் தேர்வு

மரபணு வரிசைகளை வைத்து உயிரினங்கள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் ஆய்வேடுகள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. எந்தப் புதைபடிவத்தை எங்கே வைத்தோம், மரபணு மாற்றங்களைக் காலமாக மாற்றும் எந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்தினோம் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். வரிசையில் ஓர் எழுத்து இன்னொன்றாக மாறும் விதத்தை விவரிக்கும் பதிலீட்டு மாடலுக்கு ஒரே வரிதான்: ‘பி.ஐ.சி. அடிப்படையில் ஜி.டி.ஆர். தேர்ந்தெடுக்கப்பட்டது.’ பி.ஐ.சி. என்பது மாடல்களை ஒப்பிடும் அளவுகோல், ஜி.டி.ஆர். ஒரு மாடலின் பெயர். அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

மாடலால் மரம், அதாவது எது எதற்கு உறவு என்று காட்டும் கிளைப்படம், பெரிதாக மாறுவதில்லை என்று மாணவர்கள் பதில் சொல்வார்கள். மரத்தின் வடிவத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. எப்போதும் ஜி.டி.ஆர்.+ஐ+ஜி என்ற சிக்கலான மாடலையே போட்டாலும் ஏறக்குறைய அதே மரம்தான் வருகிறது என்று 2019இல் ஒரு விரிவான ஆய்வும் காட்டியது. ஆனால் தேதி மரத்தின் வடிவத்திலிருந்து வருவதில்லை, கிளைகளின் நீளத்திலிருந்து, அதாவது அவற்றில் நடந்த மாற்றங்களின் அளவிலிருந்து, வருகிறது. அந்த நீளத்தைத் தீர்மானிப்பது மாடல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நெருங்கிய இரண்டு இனங்களின் வரிசையில் 5 சதவீதத் தளங்கள் (எழுத்து இடங்கள்) வேறுபடுகின்றன. தொலைவான இரண்டு இனங்களில் 30 சதவீதம். நெருங்கிய ஜோடி பிரிந்து 50 லட்சம் ஆண்டுகள் ஆனது புதைபடிவத்திலிருந்து தெரியும் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் திருத்தமும் செய்யாமல் விகிதம் பார்த்தால் தொலைவான ஜோடி 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்று வரும். ஒரே தளம் பலமுறை மாறியிருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கும் 1969ஆம் ஆண்டின் ஜூக்ஸ்-கேன்டர் மாடலைப் போட்டால் தூரங்கள் (ஒரு தளத்துக்குச் சராசரியாக நடந்த மாற்றங்கள்) 0.052, 0.383 ஆகின்றன, காலம் சுமார் 3.7 கோடி. சில தளங்கள் வேகமாகவும் பல தளங்கள் மிக மெதுவாகவும் மாறும் என்று காமா பரவலையும் சேர்த்து, அதன் வடிவ அளவை 0.5 என்று வைத்தால் தூரங்கள் 0.055, 0.667; காலம் 6 கோடி. மைட்டோகாண்ட்ரியா வரிசைகளில் அப்படியொரு மதிப்பு அரிதானதல்ல.

வரிசையும் அதுவே, புதைபடிவமும் அதுவே. விடை மட்டும் இரண்டு மடங்கு. குட்டையான கிளை ஏறக்குறைய நகரவே இல்லை, நீளமான கிளைதான் இழுபட்டிருக்கிறது. எல்லாக் கிளைகளும் ஒரே விகிதத்தில் நீண்டிருந்தால் புதைபடிவத்தை வைத்துச் செய்யும் கால அளவீடு அதைச் சரிசெய்துவிடும். அப்படி நடப்பதில்லை என்பதால்தான் அளவீட்டுப் புள்ளி இருக்கும் இடம் இவ்வளவு முக்கியமாகிறது. அதே 6 கோடியை ஆழமான கணுவில் (தொலைவான ஜோடி பிரிந்த இடத்தில்) வைத்துத் தொடங்கினால், திருத்தம் செய்யாத கணக்கு நெருங்கிய ஜோடியை 50 லட்சத்துக்குப் பதிலாக 1 கோடி ஆண்டுகள் என்று காட்டும்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. தட்டம்மை வைரஸும் மாடுகளின் வெக்கை நோய் வைரஸும் எப்போது பிரிந்தன என்ற கேள்வியில் இதுதான் நடந்தது. 2010இல் வெளியான கணிப்பு கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சொன்னது. 1912இல் பெர்லினில் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் ஃபார்மலினில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வைரஸின் மரபணுத்தொகுதியை மீட்டு, 2020இல் மீண்டும் கணித்தபோது பிரிவு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னுக்குப் போனது. பழைய மாதிரி கிடைத்தது மட்டும் இதற்குக் காரணம் அல்ல, மாடலும் மாறியிருந்தது. புரதத்தைக் கெடுக்கும் மாற்றங்களை இயற்கைத் தேர்வு காலப்போக்கில் நீக்கிவிடுகிறது. மாற அனுமதிக்கப்பட்ட சில தளங்களே திரும்பத் திரும்ப மாறுகின்றன. சாதாரண நியூக்ளியோடைடு மாடலுக்கு இது தெரியாது, ஆழமான கிளையை அது குட்டையாகவே அளக்கும். புரதத்தின் ஒவ்வோர் அலகையும் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகளை, அதாவது கோடான்களை, கணக்கில் எடுக்கும் கோடான் மாடல் அந்த மறைந்த நீளத்தில் ஒரு பகுதியையாவது மீட்கிறது. தளர்வுக் கடிகாரம் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். கிளைக்குக் கிளை வேகம் கூடிக் குறைவதற்குத்தான் அந்தக் கடிகாரம். ஆழமான கிளைகள் எல்லாம் ஒரே திசையில் சுருங்கும் பிழையை அது நீக்கித் தராது.

பி.ஐ.சி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கொடுத்த மாடல்களில் எது மேல் என்று மட்டுமே அது சொல்லும். அந்த மாடல் நம் தரவுக்குப் போதுமானதா என்பது வேறு கேள்வி. அதற்கு, பொருத்திய மாடலிலிருந்தே செயற்கை வரிசைகளை உருவாக்கி உண்மையான தரவோடு ஒப்பிட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் ஆழமான தேதியை வெளியிடுகிறவர் இதைத் தவிர்க்கக் கூடாது.

மென்பொருளில் கவனிக்க வேண்டியது இது. காலக்கணிப்பு மென்பொருளான பீஸ்ட் 2க்கான கோப்பைத் தயாரிக்கும்போது நாம் தொடாவிட்டால் அங்கே நிற்பது ஜூக்ஸ்-கேன்டர், அதுவும் காமா இல்லாமல். காமா வகைகளை 4 என்று மாற்றியபின், வடிவ அளவை மதிப்பிடும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மாறாத தளங்களின் விகிதத்தையும் காமாவையும் சேர்த்துப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே விஷயத்தை விளக்கப் போட்டியிடுவதால் இரண்டின் மதிப்பும் நிலையாக வராது. எளிமையான எச்.கே.ஒய். மாடலா ஜி.டி.ஆரா என்று நாள்கணக்கில் யோசிப்பதைவிட, கோடானின் மூன்றாம் இடத்தைத் தனிப் பிரிவாக்கி, அது செறிவடைந்துவிட்டதா, அதாவது பலமுறை மாறிப் பழைய தடயம் அழிந்துவிட்டதா, என்று பார்ப்பது பயன் தரும்.

சார்ஸ்-கோவி-2 போல, சில ஆண்டுகளுக்குள் எடுத்த, மிகக் குறைவாக வேறுபடும் மாதிரிகளுக்கு இந்தப் பாடு தேவையில்லை. அங்கே எச்.கே.ஒய். பெரும்பாலும் போதும், மாதிரி எடுத்த தேதிகள் சரியா என்று பார்ப்பதில் நேரத்தைச் செலவிடலாம். ஆழமான கணு ஒன்றுக்குத் தேதி சொல்வதானால் எளிய மாடல், காமா சேர்த்த மாடல், முடிந்தால் கோடான் மாடல் என மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கணுவின் வயது மூன்றிலும் என்ன வந்தது என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளிக்காமல், முடிவுகள் பகுதியிலேயே ஓர் அட்டவணையாகக் கொடுங்கள்.