பிரேக் விளக்கு எரிந்ததை மூளை பார்த்ததா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஹெல்மெட்டில் புளூடூத் பொருத்தியிருக்கிறேன். இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. கண் சாலையை விட்டு அகல்வதில்லை. பிறகு போனில் பேசினால் என்ன ஆபத்து? பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் பேசிக்கொண்டு போவதில்லையா?"

நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் 2019-இல் கொண்டுவந்த திருத்தமும், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகி, கழுத்தைச் சாய்த்தபடி போகிறவர்களோடு ஒப்பிட்டால் இந்த வாசகர் எவ்வளவோ பொறுப்பானவர். ஆனால் கையை விடுவித்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்ற எண்ணம் தவறு.

குறுஞ்செய்தி படிப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். இது வெறும் பெருக்கல் கணக்கு. கண் சாலையிலேயே இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் சுவையான பகுதி.

முக்கியமான தடயம் ஒன்று 1997-இல் கனடாவின் டொரண்டோவிலிருந்து வந்தது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் ஆராய்ந்தார்கள். விபத்துக்குச் சற்று முன் அவர் பேசினாரா? அதே ஆள் முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா? ஒருவரை அவரோடே ஒப்பிட்டதால், 'இவர் இயல்பிலேயே முரட்டு ஓட்டுநர்' என்ற சாக்குக்கு இடமில்லாமல் போயிற்று. பேசும்போது மோதும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஏன் என்ற கேள்வியை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர்களை சிமுலேட்டரில், அதாவது சாலையைத் திரையில் காட்டும் போலி வாகனத்தில், உட்காரவைத்து, அவர்கள் கண் எங்கே நிலைக்கிறது என்பதைக் கருவியால் பதிவு செய்தார்கள். ஓட்டி முடித்ததும், முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நினைவுத் தேர்வு: "வழியில் இவற்றில் எதைப் பார்த்தீர்கள்?" கையில் பிடிக்காமல் போனில் பேசியபடி ஓட்டியவர்கள், பேசாமல் ஓட்டியவர்கள் அடையாளம் கண்டதில் ஏறத்தாழ பாதியைத்தான் அடையாளம் கண்டார்கள். இத்தனைக்கும் அவர்களுடைய கண்கள் அந்தப் பொருள்கள்மீது நிலைத்தே இருந்தன. பேச்சுக்கு இடம் கொடுக்க மூளை விளம்பரப் பலகைகளை விட்டுவிட்டு, முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் என்று நாம் நம்ப ஆசைப்படுவோம். அதையும் சோதித்தார்கள். அப்படி எந்தச் சலுகையும் தெரியவில்லை. நடந்துபோகும் மனிதரும் விளம்பரப் பலகையும் ஒன்றுபோலவே தவறின.

இங்கே ஒரு கூர்மையான ஆட்சேபம் எழுகிறது. ஓட்டியவர் பார்த்திருக்கலாம், பிறகு மறந்திருக்கலாம் அல்லவா? மறந்தால் பரவாயில்லை, அந்தக் கணத்தில் பிரேக் பிடித்திருந்தால் போதும். தேர்வு பயணத்துக்குப் பிறகு நடக்கிறது. பார்க்கவே இல்லையா, பார்த்து மறந்தாரா என்பதை அதனால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால், பார்க்கும் அதே கணத்தில் மூளையைக் கேட்க வேண்டும்.

கேட்டார்கள். எப்படி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தாங்காது.

எதிர்பாராத அல்லது முக்கியமான ஒன்றை நாம் கவனித்தால், சுமார் 300 மில்லிநொடி கழித்து உச்சந்தலைப் பகுதியில் நேர் மின்னழுத்த அலை ஒன்று எழும்பி அடங்குகிறது. 1965-இல் சாமுவேல் சட்டனும் சகாக்களும் கண்டறிந்த இதற்கு பி-300 என்று பெயர். ஒரு பொருளுக்கு எவ்வளவு கவனம் கிடைத்ததோ அதற்கேற்ப அலை உயரும். உயரமான அலை எழுப்பிய பொருளைப் பிற்பாடு நினைவுகூரும் வாய்ப்பும் அதிகம். சிக்கல் என்னவென்றால், இது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு அளவேயான சிற்றலை. மூளையின் மற்ற மின் சலசலப்பு இதைவிடப் பெரியது. ஒருமுறை அளந்தால் ஒன்றும் தெரியாது. சந்தை இரைச்சலுக்குள் ஒருவர் மெல்லத் தாளம் போடுவதைக் கேட்பது மாதிரி.

அதனால் முன்னே போகும் காரின் பிரேக் விளக்கை மீண்டும் மீண்டும் எரியவிட்டார்கள். விளக்கு எரிந்த கணத்தைப் பூஜ்யமாக வைத்து, ஒவ்வொரு முறைப் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்கள். விளக்கோடு தொடர்பில்லாத சலசலப்பு ஒருமுறை மேலேயும் மறுமுறை கீழேயும் இருக்கும். கூட்டிப் பார்த்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். விளக்குக்கு எழும் அலை மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருவதால், அது அழியாமல் மேலெழுந்து நிற்கும். பள்ளிக்கூடத்துச் சராசரிக் கணக்குதான். அதைக் கொண்டு ஒரு மனிதர் பிரேக் விளக்குக்குக் கொடுத்த கவனத்தை அளந்துவிட்டார்கள்.

2007-இல் ஸ்ட்ரேயரும் ஃபிராங்க் ட்ரூஸும் எழுதிய முடிவு: போனில் பேசியவர்களிடம் பி-300 அலை பாதியாகக் குறைந்திருந்தது. ஆக, பார்த்து மறந்த கதை இல்லை. ஒளி விழித்திரையில் விழுந்தது, கண் அந்தப் பக்கமே இருந்தது, ஆனால் விளக்கு எரிந்த செய்தி மூளையில் முழுதாகப் பதியவில்லை. பதியாததை ஓட்டுநர் உணரவும் முடியாது. வீட்டுக்கு வந்து "பேசிக்கொண்டேதான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொல்கிறார். புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கியதால் விபத்து நேரவில்லை என்பவரின் நம்பிக்கையும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. தப்பியதை மட்டும் எண்ணுவது அறிவியல் ஆகாது.

அப்படியானால் மனைவியிடம் பேசுவது? 2008-இல் இதையும் சோதித்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய், குறிப்பிட்ட ஓய்விடத்தில் திரும்ப வேண்டும். போனில் பேசியவர்களில் பாதிப்பேர் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த நண்பரிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். உடன் வருபவரும் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சைக் குறைக்கிறார், பேச்சையே சாலையைப் பற்றியதாக மாற்றிவிடுகிறார். பின்சீட்டில் இருப்பவர் "பஸ் திரும்புகிறது, பார்த்துப் போங்கள்" என்று தோளைத் தட்டுவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த பஸ் தெரியாது. அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். நாமோ பதிலைக் கோத்துக்கொண்டிருக்கிறோம். வானொலி கேட்டபடி ஓட்டியவர்களிடம் யூட்டா குழு 2001-இல் இத்தகைய தடுமாற்றத்தைக் காணாததும் இதனோடு பொருந்துகிறது. வானொலி நம்மிடம் பதில் கேட்பதில்லை.

நான் சொன்ன சோதனைகள் எல்லாம் காரை வைத்து, சீரான வட அமெரிக்கச் சாலைகளை வைத்துச் செய்தவை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். மாடு குறுக்கே வரும், எதிர்த்திசையில் ஆட்டோ வரும் சாலையில், சமநிலையையும் காத்துக்கொண்டு ஓட்டுகிறவரின் மூளையில் அந்த அலை எவ்வளவு சுருங்குகிறது? சென்னை ஐஐடியில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நம் ஊர்ச் சாலையை அப்படியே காட்டும் இருசக்கர சிமுலேட்டர்களுக்கும் இத்தகைய அளவீடுகளுக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு மேம்பாலத்துக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கு போதும். சட்டத்தில் 'கையில் பிடிக்கும்' என்ற வரம்பு சரிதானா என்று நம்முடைய தரவை வைத்தே முடிவு செய்யலாம்.

வாசகர் கடைசியாக இன்னொன்றும் எழுதியிருந்தார்: சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் குரல் கட்டளை கொடுத்து வேலையை முடித்துக்கொள்வாராம். அதையும் ஸ்ட்ரேயர் குழு 2015-இல் அளந்தது. குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச்சிதறல், மோசமான கருவிகளில் 27 நொடி வரை நீடித்தது. பச்சை விழுந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பினால், 27 நொடியில் 300 மீட்டர். திருப்பூரின் நெரிசலான சாலைகளில் அந்தத் தொலைவுக்குள் அடுத்த சிக்னலே வந்துவிடலாம்.