கரிசலில் மாட்டிக்கொள்ளும் மணிச்சத்து

கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் டிஏபி என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தைத் தூவி மக்காச்சோளம் விதைத்திருப்பார்கள். முளைத்த சில வாரங்களில் அடியிலைகளின் ஓரம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். மணிச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம் அது. கலப்பட உரம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அங்கே கிடக்கும் சுக்காங்கல் ஒன்றை உடைத்து எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைக்கும். சுண்ணாம்பு! அது கல்லாக மட்டுமல்ல, பொடியாகவும் கரிசலில் கலந்திருக்கிறது. மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 8ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உரத்தின் மணிச்சத்து நீரில் பாஸ்பேட்டாகக் கரைகிறது. அதைச் சுண்ணாம்பின் கால்சியம் லேசில் விடாது. இரண்டும் சேர்ந்து முதலில் டைகால்சியம் பாஸ்பேட், பிறகு ஆக்டாகால்சியம் பாஸ்பேட் என்று நாள்பட நாள்பட இறுகி, ஹைட்ராக்ஸிஅபடைட்டை நோக்கிப் போகின்றன. நம் பல்லும் எலும்பும் அந்த வகைக் கனிமம்தான். எளிதில் கரையுமா என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உரக் குருணைக்குள் நடப்பது இன்னும் வேடிக்கை. உரம் ஓர் உப்பு. சுற்றியுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. வரும் நீர் கால்சியத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெளியே கிளம்பிய பாஸ்பேட்டில் ஒரு பகுதி வாசலிலேயே மடக்கப்படுகிறது. தென் ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்தில், சுண்ணாம்பு மிகுந்த கோதுமை நிலங்களில், திரவ உரம் குருணையை விஞ்சியது ஏன் என்று ஆராய்ந்தபோது தெரிய வந்த சங்கதி இது.

தப்பி வெளியே வந்த பாஸ்பேட்டும் வெகுதூரம் போவதில்லை, சில மில்லிமீட்டர்தான். வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். மானாவாரியில் மேல்மண் காய்ந்துவிட்டால் வேர் அங்கே வராது. ஆகவே மேலாகத் தூவுவது எனக்குத் துளியும் உடன்பாடில்லை. விதைக்குக் கீழே, சற்றுத் தள்ளி, சாலில் வைத்தால் அதே மூட்டை கூடுதலாக வேலை செய்யும்.

சூப்பர் பாஸ்பேட் என்ற இன்னொரு மணிச்சத்து உரத்தைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடிவைத்து, ஹெக்டேருக்கு 750 கிலோ இடுகிற 'ஊட்டமேற்றிய தொழு உரம்' இன்னொரு வழி. மட்கில் உள்ள கரிம அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பாஸ்பேட் இறுகுவது தாமதமாகிறது. உளுந்துக்காரர்கள் மண்ணையே தவிர்த்துவிடுகிறார்கள்: டிஏபியை இரவில் ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் வடித்து, 2 சதவீதக் கரைசலாகப் பூக்கும் பருவத்தில் இலையில் தெளிக்கிறார்கள். இலை ஏற்பது சொற்பம். அடியுரத்துக்கு அது மாற்றாகாது.

இறுகியது தொலைந்துவிடவில்லை, அடுத்தடுத்த பயிர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கொண்டைக்கடலை அதுவரை காத்திருப்பதில்லை. பனிக்காலக் காலையில் அந்தச் செடியைத் தடவிவிட்டு விரலை நாக்கில் வைத்தால் புளிக்கும். இலை சுரக்கும் மாலிக் அமிலம். வேரும் மாலிக், சிட்ரிக் அமிலங்களைக் கசியவிட்டு, பக்கத்தில் இறுகிக் கிடக்கும் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. மக்காச்சோளத்துக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது.