ஆடி டிடி: ஸ்பாய்லர் பிறகு வந்து சேர்ந்த கார்

கண்காட்சி மேடைக்காகச் செய்யப்படும் கான்செப்ட் கார், பார்ப்பவரின் கண்ணுக்குப் பிடித்தால் போதும். விற்பனைக்கு வரும் காரோ காற்றையும் சாலையையும் ஓட்டுநரின் பதற்றத்தையும் தாங்கியாக வேண்டும். வாகனங்களின் காற்றியக்கத்தைச் சோதிக்கும் பணியில் இருக்கும் நான், இதை விளக்க எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் ஆடி டிடி காரைத்தான்.

வடிவமைப்பாளர்கள் ஜே மேஸ், ஃப்ரீமன் தாமஸ் ஆகியோரின் பெயர்களோடு பேசப்படும் அந்த வடிவம் 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஆடி ஏ3 கார்களின் அடித்தளத்தின் மேல் உருவாகி, ஹங்கேரியின் கியோர் ஆலையிலிருந்து 1998-இல் வெளிவந்தபோது, பின்பக்கவாட்டில் ஒரு சிறு ஜன்னல் கண்ணாடி சேர்ந்தது போன்ற சில மாற்றங்களே கண்ணில் பட்டன. கான்செப்ட்டை இவ்வளவு சிதைக்காமல் ஆலைக்குக் கொண்டுவந்ததைப் பலரும் பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டுதான்.

ஆனால், ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானின் வேகவரம்பற்ற பகுதிகளில், மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் சென்றுகொண்டே சட்டென்று தடம் மாறியபோதோ வளைவில் திரும்பியபோதோ சில டிடி கார்கள் கட்டுப்பாட்டை இழந்தன, உயிர்களும் போயின. வளைந்த கூரையின் மேல் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, காரின் பின்புறம் மேலே இழுக்கப்படுகிறது. வேகம் இருமடங்கானால் இந்தத் தூக்குவிசை நான்கு மடங்காகும் என்பதால், 90-இல் உணரவே முடியாத ஒன்று 180-இல் பின்சக்கரங்களின் பிடியைக் கணிசமாகக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்புறம் மேலும் இலேசாகிச் சுழலத் தொடங்கும்.

அடுத்து, விற்ற கார்களை ஆடி நிறுவனம் சரிசெய்யத் திரும்ப அழைத்தபோது, பின்புறத் தூக்குவிசையைக் குறைக்கும் சிறு தகடான ஸ்பாய்லர், கார் சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் ஈஎஸ்பி, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனில் மாற்றங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே வழங்கப்பட்டன. ஸ்பாய்லர் இல்லாத பழைய பின்புறமே அழகு என்று எனக்கும் தோன்றுவதுண்டு, ஆனால் அதிவேகத்தில் அதை ஓட்ட நான் துணியமாட்டேன்.

ஸ்பாய்லரைக் கழற்றலாமா, கடையில் விற்கும் பெரிய இறக்கையைப் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொழிற்சாலை பொருத்திய ஸ்பாய்லர், முன்பின் சக்கரங்களின் பிடி சமநிலையில் இருக்குமாறு சோதித்து அளவிடப்பட்டது, பின்புறத்தை மட்டும் மிகையாக அழுத்தும் இறக்கை, முன்சக்கரங்களின் சுமையைக் குறைத்து, வளைவில் காரை நேராகவே போகவைக்கக்கூடும். தொடக்ககால டிடி ஒன்றைப் பழைய காராக வாங்குபவர், ஸ்பாய்லர் இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், சேஸிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் கொடுத்து, சஸ்பென்ஷன் வேலையும் முடிந்திருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.