கால் எலும்பை நீட்டும் சிகிச்சை: வலியைப் பற்றி வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை

எலும்பை நீட்டும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவுடன் குடும்பத்தார் என்னிடம் முதலில் கேட்பது, அறுவை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதைத்தான். அறுவை அரங்கில் கழியும் அந்தச் சில மணி நேரம் இந்தச் சிகிச்சையின் மிகச் சிறிய பகுதி. அதன் பெரும்பகுதி, மயக்க மருந்தின் துணையில்லாமல் வீட்டில் கழிக்க வேண்டிய மாதங்கள்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சையாளராக இருக்கும் நான், பெரிய மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு, காலில் வளையச் சட்டத்தோடு தோட்டத்து வீடுகளுக்குத் திரும்புகிறவர்களை அந்த மாதங்களில்தான் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு வரப்போகும் வலியின் தன்மையை யாரும் விளக்கியிருப்பதில்லை, அல்லது விளக்கியபோது அதைக் கேட்டு உள்வாங்கும் மனநிலையில் அவர்கள் இருந்திருப்பதில்லை.

நம் பகுதியில் இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு சிதறி, காயத்தில் கிருமி புகுந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்த பிறகு அங்கே சில சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிடுகிறது. சிறு வயதில் எலும்பின் வளர்முனை அடிபட்டதால் ஒரு கால் குட்டையாகிப் போனவர்களும், பிறவியிலேயே அப்படி இருப்பவர்களும் உண்டு. இரண்டு கால்களுக்கும் உள்ள வேறுபாடு 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பொதுவாகக் காலணியின் அடியில் உயரம் வைத்துக் கொடுப்பதே போதும்.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர் மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களிலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவைகளுக்குப் பிறகும் குணமாகாமல் கடைசியில் இவரிடம்தான் வந்தார். பின்னர் அதே காலோடு மீண்டும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். முறை இதுதான்: எலும்பை ஓரிடத்தில் கவனமாக வெட்டி, மேலும் கீழும் கம்பிகளால் வளையங்களோடு பிணைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருந்த பின், வளையங்களுக்கு இடையிலுள்ள திருகுகளை நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போக வேண்டும். அந்த 1 மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் திருகாமல் நான்கு தவணையாக, கால் மில்லிமீட்டராகத் திருகுவதுதான் வழக்கம். விலகும் இடைவெளியில் முதலில் இளநீர் வழுக்கை போல் இளகிய திசு உருவாகி, அது மெல்ல மெல்ல எலும்பாக இறுகுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். எலும்புக்கு இடைவெளி கிடைக்கிறது, அது புதிதாக வளர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் தசைக்கும், தசைநாருக்கும், நரம்புக்கும், தோலுக்கும் அப்படி ஓர் இடைவெளி கிடைப்பதில்லை. அவை நாள்தோறும் இழுபட்டே நீள வேண்டும். அதனால்தான் அறுவைக் காயத்தின் வலி முதல் வாரங்களில் குறைந்துகொண்டே வர, வீட்டார் நிம்மதி அடையும் வேளையில், இரண்டாவது மூன்றாவது சென்டிமீட்டரை எட்டும்போது வேறொரு வலி தலைதூக்குகிறது. கெண்டைச்சதை இறுகிக் குதிகாலை மேலே இழுக்கும், பாதம் கீழ்நோக்கி வளைந்து நிற்கும். தொடை எலும்பை நீட்டியவர்களுக்கு முழங்கால் மடங்க மறுக்கும். இதைத் தடுக்கப் பாதத்தையும் முழங்காலையும் ஒரு நாளில் பலமுறை நீட்டி மடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சி வலிக்கும் என்பதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. அதைத் தவிர்த்தால் மூட்டு இறுகி, அதற்கென்று இன்னோர் அறுவை தேவைப்படலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரவுதான் மிகக் கடினமானது. இரும்பு வளையங்களோடு புரண்டு படுக்க முடியாது. இழுபட்ட தசை நள்ளிரவில் திடீரென்று குரக்கு வலியாய்ப் பிடிக்கும். நரம்பு இழுபடுவதால் பாதத்தில் எரிச்சலும் சுரீரென்ற குத்தலும் தோன்றும். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும், பசி குறையும், கோபம் வரும், அழுகையும் வரும். எத்தனையோ திடமான மனிதர்கள் இந்தக் கட்டத்தில் மனம் சோர்ந்து போயிருக்கிறார்கள். வீட்டார் அதைப் பலவீனம் என்று எண்ணிவிடக் கூடாது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் சொன்னால்தான் அவை கிடைக்கும். ஆனால் டைக்குளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்; புது எலும்பு உருவாவதை அவை தாமதப்படுத்தக்கூடும் என்பதால் அறுவை மருத்துவர்கள் பலர் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சிகரெட்டும் அதே கெடுதலைச் செய்கிறது, அதுவும் இன்னும் உறுதியாக.

தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமைக்குரிய பழக்கம். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை சுமந்தும் பிழைத்த தலைமுறைகளின் பழக்கம் அது, அதன் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆயினும் இந்தச் சிகிச்சையில் அதே பழக்கம் ஆபத்தாக முடியலாம். செம்பனை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர், காலை நீட்டிக்கொண்டிருந்த நாட்களில், பாதத்தின் மேற்புறம் மரத்துப் போயிருப்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்தார். "பொறுத்துக்கய்யா, எல்லாம் சரியாயிடும்" என்று அவருடைய அம்மா அன்போடு தேற்றிக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு வந்த அன்று, "பெருவிரலை மேலே தூக்குங்க தம்பி" என்றேன், அவரால் முடியவில்லை. நரம்பு அளவுக்கு மீறி இழுபடுவதன் அடையாளம் அது. அன்றே அறுவை மருத்துவரை அழைத்துப் பேசினோம். திருகுவது நிறுத்தப்பட்டது, பிறகு வேகம் குறைத்துத் தொடரப்பட்டது, விரலின் அசைவும் மெல்லத் திரும்பியது. இன்னும் சில வாரங்கள் அவர் பொறுத்துக்கொண்டிருந்தால் பாதம் தொங்கிப் போயிருக்கக்கூடும்.

எனவே பொறுத்துக்கொள்ளத் தக்க வலியையும், அன்றே சொல்ல வேண்டிய வலியையும் பிரித்தறியப் பழகுங்கள். திருகிய பின் சில மணி நேரம் இருந்து அடங்கும் இழுப்பு, பயிற்சியின்போது வந்து பயிற்சி முடிந்ததும் தணியும் வலி, மழைநாளில் கூடும் உளைச்சல் ஆகியவை எதிர்பார்க்கத் தக்கவை. மரத்துப் போதல், விரலைத் தூக்க இயலாமை, மாத்திரைக்கும் அடங்காமல் நாளுக்கு நாள் ஏறும் வலி ஆகியவற்றை அன்றே தெரிவிக்க வேண்டும். கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் சிவப்பும் சூடும் சீழும் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். இது மிகச் சாதாரணமாக நேரும் சிக்கல், தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும், விட்டுவிட்டால் எலும்புக்குள் இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடேறினாலோ, நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கே சென்றுவிடுங்கள். கம்பிப் புண்ணில் மஞ்சள் அப்புவதும், எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவைதான், என்றாலும் கண்டிப்பாக வேண்டாம்.

மாதக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் நீட்ட வேண்டுமென்றால் திருகுவதற்கு மட்டும் 50 நாட்கள். அதன் பிறகு புது எலும்பு இறுகுவதற்கு அதைப்போல் இரு மடங்கு காலமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை வளையம் காலில் இருக்கும் என்று நான் வீட்டாரிடம் சொல்லி வைக்கிறேன். அவ்வளவு காலம் குந்தி உட்காரும் கழிவறையைப் பயன்படுத்த முடியாது. வாசற்படி, மழைச் சேறு, மருத்துவமனைக்காக ஈப்போவுக்குப் போய்வரக் கார், இரவில் கூடவே விழித்திருக்க ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னேற்பாடு வேண்டும். விழித்திருப்பவர் பெரும்பாலும் அம்மாவாகவோ மனைவியாகவோதான் இருப்பார், அவருடைய தூக்கத்தையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும். விபத்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலையிடத்திலோ நேர்ந்திருந்தால் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள், எம்.சி.யில் (மருத்துவர் சான்றளித்த விடுப்பில்) இருக்கும் காலத்துக்குத் தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு அதன் கீழ் கிடைக்கிறது. எம்.சி. தாள்களைத் தொலைத்துவிட்டு அலைபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது, ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அண்மைக் காலமாக, எந்தக் குறையும் இல்லாத இளைஞர்கள் உயரம் கூடுவதற்காக இதைச் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இணையத்தில் அவர்கள் பார்க்கும் காணொளிகளில் எலும்புக்குள்ளேயே பொருத்தும், காந்தத்தால் நீளும் கம்பி காட்டப்படுகிறது. வெளிவளையம் இல்லாததால் கம்பிப் புண்ணும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தசையும் நரம்பும் இழுபடும் வலி அங்கேயும் அதேதான். உயரத்துக்காக என்றால் இரு கால்களிலும் அதைத் தாங்க வேண்டும், ஊன்றிக்கொள்ள நல்ல கால் ஒன்றும் மிஞ்சாது. எலும்பின் உட்குழியில் கம்பியைச் செலுத்தும்போது கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் அபாயமும், அரிதாக இருந்தாலும், இருக்கிறது. இவ்வகைக் கம்பிகளில் எஃகால் ஆன ஒன்று அரிமானம் பற்றிய கவலையால் 2021இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நன்றாக ஓடியாடும் இரண்டு கால்களை வெட்டச் சொல்லி என்னிடம் கருத்துக் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். உயரம் குறைவு என்ற மனவருத்தம் ஒருவரை அந்த அளவுக்கு வாட்டுகிறதென்றால், அதைப் பொறுமையாகக் கேட்டறியும் ஒரு மனநல ஆலோசகரை முதலில் பார்க்க வேண்டும்.

வளையத்தைக் கழற்றும் நாளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதும் இயல்பே. நான்கு புறங்களில் குறைந்தது மூன்றிலாவது எலும்பு இணைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்த பின்தான் பொதுவாகக் கழற்றுகிறார்கள், அப்போதும் புது எலும்பு பழைய எலும்பின் வலிமையை எட்டியிருக்காது. கழற்றியதற்குப் பிந்தைய வாரங்களில் அந்த இடம் மீண்டும் முறிந்தவர்கள் உண்டு. கணுக்காலின் இறுக்கம் தளரவும், சூம்பிய தொடைத் தசை திரளவும் பல மாதப் பயிற்சி தேவைப்படுகிறது. பலருக்கு ஓராண்டும் ஆகிறது. ஊன்றுகோலை மருத்துவர் விடச் சொல்லும் வரை விடாதீர்கள், மோட்டார் சைக்கிள் சாவியை அதுவரை வீட்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும்.