மேகவெடிப்பா, மேகவுடைப்பா?

வடசென்னையின் திருவொற்றியூரில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் மேகவெடிப்பு. வியாசர்பாடி சுரங்கப்பாதையில் பஸ் சிக்கினால் மேகவெடிப்பு. கொருக்குப்பேட்டையில் அரைமணி நேரம் இடியோடு ஊற்றினாலும் அதே மேகவெடிப்பு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆங்கிலத்தில் இது கிளவுட்பர்ஸ்ட். கிளவுட் என்பது மேகம், பர்ஸ்ட் என்பது உள்ளிருப்பது பிய்த்துக்கொண்டு வெளியே வருவது. ஜெர்மானியர் இதையே ‘மேக முறிவு’ என்ற பொருள்படச் சொல்கிறார்கள். சொல்லின் பூர்வீகம் இவ்வளவுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் இதற்குத் திட்டமான அளவு உண்டு: சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் மழை. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 லிட்டர். ஓங்கி வளர்ந்த இடிமேகத்துக்குள் மேலெழும் காற்று நீர்த்துளிகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பாரம் மிஞ்சியதும் அவை மொத்தமாக இறங்குகின்றன. மேகத்தை நகர்த்த வேண்டிய காற்றும் அப்போது சோம்பிக் கிடந்தால், அத்தனையும் ஒரே ஊரின் தலையில். இதில் எதுவும் வெடிப்பதில்லை.

2025 ஆகஸ்ட் 30 இரவு அதே வடசென்னையின் மணலியில் நடந்தது இதுதான். மறுநாள் காலை 8.30 வரையிலான ஒரு நாள் கணக்கில் மணலி 27 சென்டிமீட்டர், மணலி புதுநகர் 26, விம்கோ நகர் 23. ஆனால் அந்த 27-ஐப் பார்த்து அதற்கு இந்தப் பெயர் வரவில்லை. ஒரே மணி நேரத்தில் 10 சென்டிமீட்டரைத் தாண்டியதால் வந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பயங்கரமான மழைதான், ஆனாலும் 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சராசரி மணிக்கு 4 சென்டிமீட்டர் கூட வராது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரும் நாள் கணக்குதான். நாள் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

இனி என் வழக்கு. தமிழில் என்னென்ன வெடிக்கும்? குண்டு, சிலிண்டர், எரிமலை, டயர். பருத்திக்காய் வெடிக்கும், குதிகால் வெடிக்கும், மழை பொய்த்த ஏரியின் தரை வெடிக்கும். எல்லாம் நெருப்பு, காற்று, வறட்சி. தண்ணீர் மட்டும் எங்கேயும் வெடிப்பதில்லை. ஏரி உடையும், கரை உடைப்பெடுக்கும், பிரசவத்தின்போது பனிக்குடம் உடையும். தண்டையார்பேட்டையில் குடிநீர் சாலையில் ஓடினால் அதே நாளிதழ்கள் ‘குழாய் உடைப்பு’ என்றுதான் எழுதுகின்றன; ‘குழாய் வெடிப்பு’ என்று எழுதக் கை வருவதில்லை. ஆங்கிலத்தில் டயருக்கும் குழாய்க்கும் ஒரே பர்ஸ்ட். தமிழ் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியவருக்கு இந்தப் பிரிவு கண்ணில் படவில்லை.

பருத்தி வெடிப்பது போல மேகம் வெடிக்கக் கூடாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். பருத்திக்காய் காய்ந்துதான் வெடிக்கிறது ஐயா. மேகம் காய்ந்தா பெய்கிறது? வறண்ட ஏரிக்குச் சொல்லும் சொல்லை வெள்ளத்துக்குச் சூட்டுவதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மணலியில் அந்த நகைச்சுவை எடுபடாது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சூழ வாழும் ஊர் அது. ‘மணலியில் வெடிப்பு’ என்று தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடினால், வெளியூர் உறவினர்களுக்கு முதலில் மழையா நினைவுக்கு வரும்?

ஆகவே மேகவுடைப்பு. ‘மேகம்’ வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் முகிலுடைப்பு என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. மேகம் ஒன்றும் தண்ணீர்ப் பை அல்லவே, அது எப்படி உடையும் என்று கேட்டால், அந்தக் குறை மூலச் சொல்லிலேயே இருக்கிறது. உடைப்பு என்றால் தண்ணீர் வரும் என்பதாவது எல்லாருக்கும் தெரியும். ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது’ என்று காசிமேட்டில் சொல்வதும் இதே கற்பனைதான்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் முகிற்பேழ்மழை என்று ஒன்றை இணையத்தில் சுற்றவிட்டிருக்கிறார்கள். பேழ் என்றால் பெரிய. பேழ்வாய் என்பது போல. ஆக, முகிலின் பெருமழை. முகிலிலிருந்து வராத மழை ஏது? பெருமழை என்ற சொல்தான் முன்பே இருக்கிறதே? திடீரென்று, ஒரே இடத்தில் என்ற இரண்டு செய்திகளும் அதில் இல்லை. கேட்பவர் மூன்று முறை திருப்பிக் கேட்பார், எழுதுபவர் ‘ழ்’ போட்டதா ‘ள்’ போட்டதா என்று தடுமாறுவார். கொட்டுமழை என்று வைக்கலாம் என்று எனக்கே சிறிது காலம் ஆசை இருந்தது. ஆனால் ‘கொட்டும் மழையிலும் பிரசாரம்’ என்று போட்டுப் போட்டு அந்தச் சொல்லின் வீரியத்தைக் கரைத்துவிட்டார்கள். இப்போது ‘மினி மேகவெடிப்பு’ வேறு வந்திருக்கிறது. ‘மிகக் கனமழை’யில் ஒரு ‘க்’ போட மனம் வராதவர்களுக்கு மினி போட மட்டும் எப்படியோ மனம் வருகிறது.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, அதைச் சொல்லும் தகுதியையும் கவனிக்க வேண்டும். மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்: காலை 8.30 மணிக்கு ஒருமுறை பார்க்கும் சாதாரண மானி, மழை எந்த நேரத்தில் பெய்தது என்று சொல்லாது. அதற்குத் தானியங்கி மானி வேண்டும். அதற்குள் ஊஞ்சல் போல இரண்டு சிறு கிண்ணங்கள், 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒன்று கவிழும், கவிழ்ந்த நேரம் பதிவாகும். கடும் மழையில் இது சற்றுக் குறைத்துக் காட்டும், கிண்ணம் கவிழும்போது விழும் நீர் கணக்கில் சேராததால். எனவே பக்கத்தில் சாதாரண மானியும் இருப்பது நல்லது.

எண்ணூர்ப் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் ஓர் இரவு, ‘9.15 முதல் 10.15 வரை 62 மில்லிமீட்டர், தெருவில் கணுக்கால் தண்ணீர்’ என்று எங்களுக்கு எழுதினார். நேரம், இடம், அளவு, கண்ணால் கண்டது எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் காலை ஒரு தொலைக்காட்சியில் அது ‘எண்ணூரில் மேகவெடிப்பு’ ஆகிவிட்டது. அவர் எழுதிய ஒற்றை வரியை அப்படியே படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் வேலை மிச்சம்.

மேக உடைப்பு என்று பிரித்து எழுதினாலும், மேகவுடைப்பு என்று சேர்த்து எழுதினாலும் சரி. மணிக்கணக்கு அளவு கையில் இல்லாதபோது இரண்டுமே வேண்டாம். கனமழை என்று எழுதி, அளவு வந்தபின் திருத்திக்கொள்ளலாம்.