டோமஹாக்கின் காம்பைத் தரையில் தட்டாதீர்கள்

கடலூர் முதுநகரில் நான் நடத்தும் மரவேலைப் பட்டறைக்குச் சென்ற வாரம் புதுச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இடக்கையில் ஒரு டோமஹாக், அதாவது வட அமெரிக்கப் பழங்குடியினர் வழியில் வந்த சிறிய கைக்கோடாலி, இருந்தது. வலக்கையின் ஆள்காட்டி விரலில் நான்கு தையலும் பெரிய கட்டும் இருந்தன. கல்வராயன் மலையில் கூடாரம் அடித்துத் தங்கப் போன இடத்தில், விறகு பிளக்கக் கையை ஓங்கியபோது தலை காம்பு வழியே சரிந்து வந்து விரலை வெட்டிவிட்டது என்றார். இந்தப் பருவமழைக் காலத்தில் இதே காயத்துடன் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர். முதல் இருவருக்கும் வாயால் சொன்னதை இனி எழுதிவைப்பதே மேல் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

"கம்பெனி சரியில்ல சார், தலையை டைட்டாவே மாட்டல" என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலையிலும் குறையில்லை, துளையிலும் குறையில்லை. காம்பின் அடிநுனியில் மட்டும் கல்லில் மோதி நார் நாராகப் பிரிந்த தடம் இருந்தது. "தம்பி, இதைத் தரையில தட்டினீங்களா?" என்று கேட்டேன். "ஆமா சார், லூசாயிடுச்சு, அதான் பாறையில நல்லா தட்டினேன். மண்வெட்டியை அப்படித்தானே தட்டுவோம்?" என்றார்.

மண்வெட்டியை அப்படித்தான் தட்டுவோம். நம் ஊர்க் கோடாலியையும் பெரும்பாலும் அப்படித்தான் தட்டுவோம். அவற்றில் காம்பு கீழேயிருந்து துளைக்குள் ஏறும். தலைக்குக் கீழே காம்பு பருத்திருக்கும். மேல் நுனியைப் பிளந்து அங்கே ஆப்பு அறைந்திருப்போம். அடிநுனியைத் தரையில் தட்டும்போது காம்பு நின்றுவிட, தலை தன் கனத்தால் கீழே இறங்கிப் பருத்த பகுதியில் சிக்கி இறுகும். டோமஹாக்கில் எல்லாமே தலைகீழ். அதன் காம்பு மேலேயிருந்து துளைக்குள் இறங்குகிறது, நுனி பருத்தும் கீழே வரவர மெலிந்தும் இருக்கிறது, ஆப்பு கிடையாது. வீசும்போது தலை வெளிப்புறமாக ஓடப் பார்க்கும். ஓட ஓடப் பருத்த நுனியில் மேலும் இறுகும். ஆகவே அடிநுனியைத் தரையில் தட்டுவது தலையைக் கழற்றும் முறையே தவிர, இறுக்கும் முறை அன்று. அந்த இளைஞர் பாறையில் ஓங்கித் தட்டி, தம் கையாலேயே தலையைக் கழற்றிவிட்டு, கழன்ற கருவியைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார்.

இதை இறுக்க வேண்டுமானால் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, துளைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பின் நுனியை ஒரு மரக்கட்டையின் மீது இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கல்லில் தட்டக் கூடாது. இதற்கு மேல் வேறு வித்தை எதுவும் இல்லை. பிக்காசு பிடித்து வேலை செய்த எவருக்கும் இது புதிதல்ல. அதன் காம்பும் மேலேயிருந்து இறங்கிப் பருத்த நுனியில் நிற்பதுதான். சாலைக்குப் பள்ளம் தோண்டும் தொழிலாளி வேலை முடிந்ததும் பிக்காசின் அடிநுனியைத் தரையில் தட்டி, தலையைக் கழற்றித் தனியாக எடுத்துப் போவதைப் பார்க்காதவர் நம்மில் உண்டா?

கழன்று வருவது குறை அன்று, அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டது என்பதை வாங்குபவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். டோமஹாக் என்னும் சொல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றது. தொடக்கத்தில் கல் தலை. பிறகு ஐரோப்பிய வணிகர்கள் விலங்குத் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த இரும்புத் தலை. இரும்புப் பட்டையை ஓர் உருளையின் மேல் மடக்கி, இரு முனைகளையும் உலையில் பற்றவைத்து, வாய்க்கு எஃகு சேர்த்துச் செய்தார்கள்; துளை வட்டமாகவோ கண்ணீர்த் துளி வடிவிலோ அமைந்தது. நடுக்காட்டில் காம்பு முறிந்தால் கையில் கிடைக்கும் கிளையைச் செதுக்கி மேலேயிருந்து நுழைத்துவிடலாம். ஆப்பும் ஆணியும் தேட வேண்டாம். தலையைத் தனியே கழற்றித் தோல் சுரண்டவும் குச்சி சீவவும் பயன்படுத்தலாம். மலைக்குப் போகிறவருக்கு இந்தக் கருவியின் பெருமையே இதுதான். எபாக்சிப் பசை ஊற்றித் தலையை நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் காசு கொடுத்து வாங்கிய வசதியைத் தாமே அழித்துவிட்டு வருகிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் ஊட்டும் பழக்கத்துக்கு வருகிறேன். அந்த இளைஞர் மலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு டோமஹாக்கை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார். "ஊறினா இறுகிடும்னு எங்க தாத்தா சொல்வாரு சார்." இறுகும், நான் மறுக்கவில்லை. மரம் நீரைக் குடித்துக் குறுக்குவாக்கில் உப்பும், நீளவாக்கில் உப்புவதே இல்லை எனலாம். ஆனால் துளையின் இரும்பு இடம் கொடுக்காது. உப்ப இடமில்லாத மரத்தின் நார்கள் இரும்பில் நெருக்குண்டு நசுங்கிப்போகும். நசுங்கிய நார் மீளாது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் காம்பு ஊறுவதற்கு முன் இருந்த அளவையும் விடச் சிறுத்துவிடும். மறுபடி ஊறப் போட்டால் மறுபடி நசுங்கும், மறுபடி சிறுக்கும். ஒவ்வொரு முறை ஊறப் போடும்போதும் காம்பின் ஆயுளில் ஒரு பங்கை வாளியில் கரைக்கிறீர்கள்; துளைக்குள் துருப்பிடிப்பது தனிக் கணக்கு. நம்பாதவர்கள் ஓர் இரும்பு வளையத்துக்குள் மரக்குச்சியை இறுக்கமாகச் செருகி, ஓர் இரவு நீரில் வைத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்திவிட்டு, வளையத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். குச்சி தானே நழுவும். தாத்தா ஊறப் போட்டது மறுநாள் காலையில் ஒரு மரத்தை வெட்டி முடிப்பதற்காக. காம்பு தேய்ந்தால் வேலியிலேயே வேறொன்று வெட்டிக்கொள்வார். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து, ஹிக்கரி மரக் காம்புடன் வாங்கிய பொருளுக்கு அந்த வைத்தியம் ஆகாது. வெளிநாட்டில் உலர்த்தி வந்த அந்த மரம் நம் ஐப்பசி ஈரத்தில் சற்று உப்புவதும், சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்து சுருங்குவதும் இயல்பு. டோமஹாக்கில் சுருங்கியதற்கு ஏற்பத் தலையை நுனிப்பக்கம் ஏற்றிக்கொண்டால் போதும்.

தண்ணீருக்குப் பதில் ஆளி விதை எண்ணெயை மெல்லிய பூச்சாகக் காம்பில் தேயுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்திய பிறகே குப்பையில் போட வேண்டும்.

ஆணி அடிப்பவர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நுனியில் அடித்த ஆணி காம்பை நார்வாக்கில் பிளக்கும், அவ்வளவுதான். சில டோமஹாக்குகளில் தலையின் பக்கத்தில் சிறு திருகு ஒன்று வரும். அதை முடுக்க முடுக்கக் காம்பில் பள்ளம் விழுந்து, முறிவு அங்கிருந்தே தொடங்குகிறது. காம்பு சரியாகப் பொருந்தியிருந்தால் அந்தத் திருகு தேவையில்லை, நான் கழற்றிவிடுகிறேன்.

நைலான் காம்பில் தலையைப் போல்ட் போட்டு முடுக்கிய வகைக்கு நான் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது போல்ட்டை. ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் முடுக்கிப் பாருங்கள். அதிர்வில் அது தளரத்தான் செய்யும். தலையும் காம்பும் ஒரே எஃகுத் தகடாக இருக்கும் வகையில் தலை கழல வழியே இல்லை, ஆனால் அடியின் அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். சுவரில் மாட்டுவதற்கென்று வார்த்த அலங்காரப் பொருளைக் கொண்டு தயவுசெய்து எதையும் வெட்டாதீர்கள்.

காம்பு முறிந்தால் நம் பக்கத்தில் கருவேலம் நல்லது. நன்றாகக் காய்ந்த, முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடும் கட்டையாகப் பார்த்து எடுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுந்த சவுக்கைப் பச்சையாகவே செதுக்கி மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பச்சை மரம் துளைக்குள்ளேயே சுருங்கும், சவுக்கோ காயும்போது வெடிக்கவும் செய்யும். செதுக்கும்போது துளையின் உட்புறத்தில் அடுப்புக்கரியைத் தடவிக் காம்பை இறக்கிப் பாருங்கள். காம்பில் எங்கே கறுப்புப் படிகிறதோ அங்கே மட்டும் இழைத்து மறுபடி இறக்க வேண்டும். முதல் முறை ஓரிடத்தில் மட்டும் வளையமாகக் கறுக்கும்; அதோடு நிறுத்திவிட்டால் தலை அந்த ஒரு வளையத்தில்தான் நிற்கும், பத்து முறை வெட்டுவதற்குள் ஆட்டம் கண்டுவிடும். துளையின் முழு உயரத்துக்கும் கறுப்பு சீராகப் படியும் வரை பொறுமையாக இழைத்தால் கரியே சொல்லிவிடும். மேலே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு ஏற்றி இறுக்க இடம் வேண்டும்.

இறுக்கியபின் தலைக்குக் கீழே காம்பைச் சுற்றி ஒரு பென்சில் கோடு போடுங்கள். கோட்டைத் தலை மறைத்தால் அது கீழே இறங்குகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள், தலைகீழாகத் தட்டி ஏற்றிய பிறகே ஓங்குங்கள். பின்பக்கத்தைச் சுத்தியலாகப் பயன்படுத்திக் கூடார முளை அடித்தால் தலை விரைவில் தளரும். அடித்து முடித்ததும் கோட்டைப் பாருங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கும்போது இந்த ஒன்றையாவது மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இளைஞரின் காம்பைப் பார்த்துவிட்டேன். அடிநுனியில் பிளவு நான்கு அங்குலம் ஏறியிருப்பதால் அதைக் காப்பாற்ற முடியாது. கருவேலங்கட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். கரி தடவி இழைக்கும் வேலையை அவரே செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், தையல் பிரித்த பிறகு.