யுஎஸ்பி கேபிளில் ஐந்து மீட்டருக்கு அப்பால்

கணினியின் விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறதே என்று மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனேன். 10 மீட்டர் யுஎஸ்பி கேபிளை மாட்டியதும் விளக்கு எரிந்தது, பாட்டும் கேட்டது. கண்டென்சர் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட்டைக் கொடுக்கும் பொத்தானை அழுத்தியதுமே கருவி அணைந்து அணைந்து எரிந்தது.

முதல் சிக்கல் மின்சாரம். யுஎஸ்பி 2.0 வழியாக 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை கிடைக்கும். அந்த 48 வோல்ட்டையும் கருவி இதிலிருந்துதான் உயர்த்திக்கொள்கிறது. மெல்லிய 28 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 5 மீட்டர் கேபிள் என்றால் 10 மீட்டர் கம்பி, 2.1 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். கருவிக்கு 4 வோல்ட்கூடச் சேராது. 24 ஏடபிள்யூஜி கம்பியில் இழப்பு 0.4 வோல்ட்தான். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். பல கேபிள்களின் உறையிலேயே இந்த எண் அச்சிட்டிருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

சரி, தனி அடாப்டரில் மின்சாரம் கொடுத்துவிட்டால்? அடுத்தது நேரம். கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும், யுஎஸ்பி 2.0 இப்படித்தான் இயங்குகிறது. பதிலுக்காகக் கணினி காத்திருப்பது ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோவினாடி. நடுவில் ஐந்து ஹப்கள் (ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டிகள்) இருந்தாலும் பதில் அதற்குள் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரு கேபிளுக்கு 26 நானோவினாடி ஒதுக்கினார்கள். கம்பியில் சமிக்ஞை ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 5 நானோவினாடி ஆகும். 5 மீட்டர் என்ற வரம்பு வந்தது இப்படித்தான். ஹப் இல்லாதபோது 7 மீட்டர்கூடச் சில சமயம் ஓடிவிடும். ஆனால் ஒவ்வொரு பிட்டும் 2 நானோவினாடிதான் நீடிக்கிறது. கேபிள் நீள நீள அதன் விளிம்பு மழுங்கி, பிழைகள் தொடங்கும்.

கோப்பு நகலில் பிழை வந்தால் கணினி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலிக்கு அந்த அவகாசம் இல்லை. பழுதான தரவுப் பொட்டலம் போனது போனதுதான், காதில் ‘டிக்’ என்று விழும். ஒலித் தரவின் அளவும் இங்கே சுமை இல்லை: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு வினாடிக்கு 4.6 மெகாபிட் போதும், பாதையோ 480 மெகாபிட். அதனால் விலை உயர்ந்த கேபிளில் பாஸ் (தாழ்சுருதி ஒலி) கூடும், குரல் இனிக்கும் என்ற பேச்சை நம்பிப் பணத்தை விடாதீர்கள். பிட்டுகள் சரியாக வந்து சேர்ந்தால் ஒலி அதேதான்.

தூரம் கட்டாயம் என்றால், நடுவில் சமிக்ஞையைப் புதுப்பிக்கும் ஆக்டிவ் கேபிள் உண்டு. ஒளியிழை யுஎஸ்பி கேபிளும் உண்டு. ஆனால் சிலவற்றில் யுஎஸ்பி 2.0 தடமே கிடையாது, ஆடியோ கருவிகள் பலவும் அந்தத் தடத்தில்தான் பேசுகின்றன. கேட்டு வாங்குங்கள்.

நான் கடைசியில் இன்டர்ஃபேஸைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மைக்குகளுக்கென்றே உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளை 15 மீட்டர் இழுத்தேன். அதன் இரு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே மாதிரி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. இப்போது மைக் பக்கத்து அறையில், விசிறி இந்த அறையில்.